ஒரே கார்டு, பல எழுத்து: நோட்டேஷன் மென்பொருளில் கார்டு பெயர்களைப் பிழையின்றி இடுவது எப்படி?

சி, ஈ, ஜி, பி என்ற நான்கு சுரங்கள் சேர்ந்த கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரத் தொகுதியை) ஒருவர் 'மேஜ் 7' என்று எழுதுவார். இன்னொருவர் பெரிய எம் போட்டு 7 எழுதுவார். மூன்றாமவர் ஒரு முக்கோணம் (△) போட்டதோடு நிறுத்திக்கொள்வார். பழகிய வாசிப்பாளர் மூன்றையும் பார்த்து ஒரே கார்டைத்தான் வாசிப்பார். இசைத்தாள் எழுதும் நோட்டேஷன் மென்பொருளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. தட்டிய எழுத்துகளை அது தன் விதிப்படி பிரித்துப் பொருள் கொள்கிறது. அந்தப் பொருளை வைத்துத்தான் சுருதி மாற்றுகிறது, ஒலிக்க வைக்கிறது, வேறு மென்பொருளுக்கு அனுப்புகிறது. திரையில் சரியாகத் தெரியும் பெயர் உள்ளே தவறாக இருக்கலாம் என்பதைப் புதியவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டும்.

விசைப்பலகையில் தட்ட வேண்டிய ஆங்கில எழுத்துகளை இங்கே பெயர் சொல்லித் தமிழிலேயே தருகிறோம். 'சிறிய பி' என்றால் ஃப்ளாட்டுக்காக (♭, சுரத்தை அரைச்சுரம் இறக்கும் குறி) தட்டும் சின்ன எழுத்து. 'பெரிய எம்', 'சிறிய எம்' இரண்டும் வேறு வேறு. இந்த வேறுபாடு கட்டுரை முழுக்க முக்கியம்.

மென்பொருள் கார்டை எப்படி வைத்துக்கொள்கிறது

இதைத் தெரிந்துகொண்டால் பின்னால் வரும் பாதிச் சிக்கல் புரிந்துவிடும். மியூஸ்ஸ்கோர் என்ற மென்பொருள் நீங்கள் தட்டிய எழுத்தை வாங்கி ரூட் சுரம் (கார்டுக்குப் பெயர் தரும் சுரம்), வகை, எண், மாற்றங்கள், பேஸ் சுரம் (எல்லாவற்றுக்கும் கீழே ஒலிக்கும் சுரம்) என்று பிரிக்கிறது. உங்கள் எழுத்துமுறையைப் பெரும்பாலும் அப்படியே காட்டவும் செய்கிறது. ஒரே தாளில் மைனருக்கு மூன்று விதமாக எழுதினால் மூன்றும் அப்படியே நிற்கும். டோரிக்கோ பொருளைத் தனியாகவும் தோற்றத்தைத் தனியாகவும் வைத்துக்கொள்கிறது. எப்படித் தட்டினாலும் எங்கும் ஒரே பாணியில் காட்டும். பாணியை மாற்ற என்க்ரேவிங் ஆப்ஷன்ஸில் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். ஃபினாலே ரூட் சுரத்தோடு 'சஃபிக்ஸ்' என்ற பின்னொட்டைத் தன் நூலகத்திலிருந்து எடுத்து ஒட்டுகிறது. லிலிபாண்ட் இன்னும் வேறு. நீங்கள் எழுதும் குறியீட்டிலிருந்து முதலில் சுரங்களைக் கட்டுகிறது, பிறகு அந்தச் சுரங்களைப் பார்த்துப் பெயரை அச்சிடுகிறது. நீங்கள் எழுதிய எழுத்தும் அச்சாகும் எழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமே அங்கே இல்லை.

படி 1: தட்டும் முன் ஒரு எழுத்துமுறையை முடிவு செய்யுங்கள்

ஒரு காகிதத்தில் எழுதி அருகில் வைத்துக்கொள்வது நல்லது. புதியவர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பது இது:

மேஜர்: ரூட் எழுத்து மட்டும்.
மைனர்: ரூட்டுக்குப் பின் சிறிய எம்.
மேஜர் 7: எம், ஏ, ஜே மூன்று எழுத்தும், பின் 7.
டாமினன்ட் 7: 7 மட்டும்.
டிமினிஷ்ட்: மூன்று சுரம் என்றால் டி, ஐ, எம், நான்கு சுரம் என்றால் அதோடு கட்டாயம் 7.
ஹாஃப் டிமினிஷ்ட்: சிறிய எம், 7, அடைப்புக்குறிக்குள் ♭5.
ஆக்மென்டட்: ஏ, யூ, ஜி.
சஸ்பென்டட்: எஸ், யூ, எஸ் எழுத்துகளோடு 2 அல்லது 4.

குறியீடுகள் தவறானவை அல்ல. முக்கோணம், வட்டம், குறுக்குக் கோடு போட்ட வட்டம் எல்லாம் குறைந்த இடத்தில் நிறையச் சொல்லும். ஜாஸ் வாசிப்பாளர்கள் அவற்றையே விரும்புவார்கள். ஆனால் ஆரம்பத்தில் எழுத்தாலேயே எழுதிப் பழகினால், தவறு நேரும்போது எங்கே நேர்ந்தது என்று உடனே தெரியும்.

பெரிய எம்மை மேஜருக்குப் பயன்படுத்த வேண்டாம் என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். பெரிய எம்மோடு சி 7 என்றால் சி, ஈ, ஜி, பி. சிறிய எம்மோடு என்றால் சி, ஈ♭, ஜி, பி♭. நான்கில் இரண்டு சுரங்கள் மாறிவிடுகின்றன. கையெழுத்துப் பாணி எழுத்துருக்களில் இரண்டு எம்முக்கும் உயரம் மட்டுமே வித்தியாசம். மங்கலான வெளிச்சத்தில், ஒரு முழம் தள்ளி வைத்த தாளில், அந்த வித்தியாசம் கண்ணுக்குப் படாது.

படி 2: கார்டுக்கான கருவியாலேயே இடுங்கள்

மியூஸ்ஸ்கோரிலும் சிபேலியஸிலும் ஒரு சுரத்தையோ ரெஸ்டையோ தேர்ந்தெடுத்து கண்ட்ரோல்+கே அழுத்துங்கள். மேக் கணினியில் கமாண்ட்+கே. டோரிக்கோவில் ஷிஃப்ட்+க்யூ. பெயரைத் தட்டி ஸ்பேஸ் அழுத்தினால் அடுத்த இடத்துக்கு நகரும். மியூஸ்ஸ்கோரிலும் டோரிக்கோவிலும் டேப் அழுத்தினால் அடுத்த பாருக்கே (இரண்டு செங்கோடுகளுக்கு இடையிலான தாளப் பகுதிக்கே) போய்விடும். ஒரு பாருக்கு ஒரு கார்டு என்று போகும் பாட்டுக்கு இது வசதி. ஷார்ப்புக்கு (♯, அரைச்சுரம் ஏற்றும் குறி) ஹாஷ் விசை, ஃப்ளாட்டுக்குச் சிறிய பி. இசைக்குறியை எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்ட வேண்டாம்.

புதியவர்கள் அடிக்கடி செய்வது, ஸ்டாஃப் டெக்ஸ்ட் கருவியில் கார்டு பெயரைத் தட்டிவிடுவது. பார்க்க அச்சு அசலாக இருக்கும். ஆனால் மென்பொருளைப் பொறுத்தவரை அது 'மெதுவாக', 'அமைதியாக' என்பதைப் போல வெறும் எழுத்து. சுருதி மாற்றினால் மாறாது, ஒலிக்காது, மற்ற மென்பொருளுக்குக் கார்டாகப் போகாது.

படி 3: ரூட்டுக்கு அடுத்து வரும் ஃப்ளாட், ஷார்ப்பைக் கவனியுங்கள்

இந்தத் துறையில் மிக அதிகம் ஏமாற்றுவது இதுதான். பெரிய ஈ, சிறிய பி, 9 என்று மூன்று விசை தட்டினால் உங்கள் மனதில் இருப்பது 'ஈ கார்டு, ஃப்ளாட் 9' என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் இடமிருந்து வலமாகப் படிக்கிறது. ரூட்டை ஒட்டி வரும் ஃப்ளாட்டை ரூட்டோடு சேர்த்துவிடும். அதற்குக் கிடைப்பது ஈ♭ 9. சுரங்களைப் பாருங்கள்:

நீங்கள் நினைத்தது: ஈ, ஜி♯, பி, டி, எஃப்.
மென்பொருள் எடுத்துக்கொண்டது: ஈ♭, ஜி, பி♭, டி♭, எஃப்.

எஃப் ஒன்றைத் தவிர எல்லாம் வேறு. ஏ-வுக்குப் பின் ♭5 எழுதும்போதும் இதே கதைதான். ஐந்தாம் சுரம் இறங்கிய ஏ கார்டு வேண்டியிருக்கும், கிடைப்பது ஏ♭ பவர் கார்டு, அதாவது ரூட்டும் ஐந்தாம் சுரமும் மட்டும். சி-க்குப் பின் ♯9 தட்டினால் சி♯ 9 ஆகிவிடும்.

தீர்வு எளியது. மாற்றக்குறி ரூட்டை நேரடியாகத் தொடக் கூடாது. நடுவில் அடிப்படை எண் வர வேண்டும்: ஈ 7, பிறகு ♭9. எண் இல்லாத கார்டு என்றால் அடைப்புக்குறி போடுங்கள்: ஏ, பிறகு (♭5). எண் நடுவில் இருந்தாலும் அடைப்புக்குறி போடுவதே எங்கள் பழக்கம். வாசிப்பவருக்கும் அது உதவும்.

படி 4: கூட்டல், கழித்தல் குறிகளைத் தவிர்த்துவிடுங்கள்

கழித்தல் குறி ரூட்டை ஒட்டி வந்தால் மைனர். எண்ணுக்கு முன்னால் வந்தால் பழைய அச்சுகளில் ஃப்ளாட். சரி, 'சி−9' என்பது என்ன? சி மைனர் 9 என்பார்கள் சிலர், சி 7 ஃப்ளாட் 9 என்பார்கள் சிலர். கூட்டல் குறி இன்னும் மோசம். 'சி+' தனியாக வந்தால் ஆக்மென்டட் என்பதில் சண்டை இல்லை. 'சி+9' என்று வந்தால் மூன்று பொருள்: ஆக்மென்டட்டோடு 9, சி 7 ஷார்ப் 9, வெறுமனே 9-ஐச் சேர்த்த சி. எந்த மென்பொருளும் இவற்றில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளும். எதை என்று உங்களிடம் கேட்காது.

லிலிபாண்ட் பயன்படுத்துவோருக்கு ஒரு தனிக் குறிப்பு. அங்கே உள்ளீட்டில் கூட்டல் குறி எண்ணுக்குப் பின்னால் வரும், அந்தச் சுரத்தை அரைச்சுரம் ஏற்றும். சி கார்டின் இயல்பான 7 பி♭ என்பதால் '7+' என்றால் பி, அதாவது மேஜர் 7. மற்ற இடங்களில் 7-ஐ ஒட்டிய கூட்டல் குறி பெரும்பாலும் ஐந்தாம் சுரத்தை ஏற்றச் சொல்வது. இரண்டு மென்பொருளிலும் மாறி மாறி வேலை செய்பவர்கள் இதில் தவறாமல் ஒரு முறையாவது சறுக்குவார்கள்.

முக்கோணத்துக்கும் இரட்டைப் பொருள் உண்டு. சிலருக்கு அது மேஜர் ட்ரையட் (மூன்று சுரக் கார்டு), சிலருக்கு மேஜர் 7. லிலிபாண்ட் மேஜர் 7-ஐ இயல்பாக 7 இல்லாமல் முக்கோணம் மட்டும் போட்டே அச்சிடுகிறது. முக்கோணம் பிடித்திருந்தால் கூடவே 7-ஐயும் எழுதிவிடுங்கள், பொருள் ஐயமில்லாமல் இருக்கும். மியூஸ்ஸ்கோரில் முக்கோணத்துக்குச் சிறிய டி (t; சுரப்பெயரான டி அல்ல) அல்லது கூரைக்குறி (^), டிமினிஷ்ட் வட்டத்துக்குச் சிறிய ஓ, ஹாஃப் டிமினிஷ்டுக்குச் சுழியம். ஓ எழுத்தும் சுழியமும் கண்ணுக்கு ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் கார்டின் ஏழாம் சுரம் மாறிவிடும்: சி-யில் ஒன்றுக்கு பி♭, நான்கு சுர டிமினிஷ்டுக்கு பி இரட்டை ஃப்ளாட்.

படி 5: எண்கள் உண்மையில் எதைச் சேர்க்கின்றன

சி 9 என்றால் சி, ஈ, ஜி, பி♭, டி. ஏழாவது சொல்லாமலே வந்துவிடும். 'ஆட் 9' என்றால் பி♭ வராது: சி, ஈ, ஜி, டி. 'சஸ் 2' என்றால் ஈ போய்விடும்: சி, டி, ஜி. பின் சொன்ன இரண்டுக்கும் பதிலாக 'சி2' என்று எழுதும் வழக்கமும் உண்டு. அது எதைக் குறிக்கிறது என்பது எழுதியவருக்கு மட்டுமே தெரியும். வெறும் 'சஸ்' என்றால் பொதுவாக 4 என்றுதான் கொள்வார்கள், ஆனாலும் எண்ணை எழுதிவிடுங்கள்.

11, 13 வரும்போது ஒலிக்கும் சுரங்கள் மென்பொருளுக்கு மென்பொருள் மாறலாம். சாதாரண 11-ம் சாதாரண 13-ம் சேர்ந்தால் நன்றாக ஒலிக்காது. அதனால் லிலிபாண்ட் 13 கார்டில் 11-ஐத் தானே விட்டுவிடுகிறது. நீங்களாகச் சேர்த்தால்தான் வரும். 'ஆல்ட்' என்று எழுதினால் ஐந்தும் ஒன்பதும் மாறியிருக்கின்றன என்பது மட்டும் புரியும், எப்படி மாறின என்பது வாசிப்பவர் கையில். குறிப்பிட்ட ஒலி வேண்டுமென்றால் மாற்றங்களைத் தனித்தனியே எழுதுவதே முறை.

படி 6: சாய்கோடு

சி, சாய்கோடு, ஈ என்றால் சி கார்டு, பேஸில் ஈ. இதில் சிக்கல் இல்லை. சிக்கல் 6, சாய்கோடு, 9 என்ற இடத்தில். இங்கே சாய்கோடு பேஸைக் குறிக்கவில்லை, ஆறும் ஒன்பதும் சேர்ந்தவை என்கிறது. சில மென்பொருள்கள் இதைச் சரியாகப் புரிந்துகொள்ளும், சில தடுமாறும். சாய்கோட்டை விட்டுவிட்டு 69 என்று தட்டுவது பாதுகாப்பானது. இரண்டு முழுக் கார்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிக்கச் செய்யும் பாலிகார்டுக்குச் சாய்கோடு அல்ல, கிடைக்கோடு. அதை எல்லா மென்பொருளும் கார்டு கருவியிலேயே தருவதில்லை.

கீபோர்டில் வாசித்துக் கார்டை உள்ளிடுபவர்கள் கவனிக்க: சி, ஈ, ஜி, ஏ என்று பிடித்தால் அது சி 6-ஆகவும் இருக்கலாம், பேஸில் சி வைத்த ஏ மைனர் 7-ஆகவும் இருக்கலாம். சுரங்கள் ஒன்றே. மென்பொருள் ஒன்றைத் தேர்ந்துவிடும். நான்கு சுர டிமினிஷ்டுக்கு அதன் ஒவ்வொரு சுரமும் ரூட்டாக இருக்க முடியும் என்பதால் நான்கு பெயர்கள். முன்னும் பின்னும் வரும் கார்டுகளைப் பார்த்து நீங்கள்தான் பெயரைத் திருத்த வேண்டும்.

படி 7: சுரப்பெயர் மொழி

ஜெர்மன் வழக்கில் நாம் பி என்பது ஹெச், பி♭ என்பது வெறும் பி. மென்பொருளின் ஸ்டைல் அமைப்பில் சுரப்பெயர் மொழி தெரியாமல் மாறியிருந்தால் தாளில் ஹெச் முளைக்கும். அதுவாவது உடனே தெரியும். வெறும் பி என்று அச்சானால்தான் ஆபத்து, வாசிப்பவர் அரைச்சுரம் ஏற்றி வாசித்துவிடுவார். லிலிபாண்டில் இதற்கு நடுவழியும் உண்டு: ஹெச் எழுதும், ஆனால் பி♭-ஐ ஃப்ளாட் குறியோடே விட்டுவிடும்.

சி-யை 'டோ' என்று அழைக்கும் பிரெஞ்சு, இத்தாலிய வழக்கில் இன்னொரு பொறி இருக்கிறது. பெரிய டி, சிறிய ஓ என்ற இரண்டே எழுத்து. அந்த மொழி அமைப்பில் அது சி மேஜர். ஆங்கில அமைப்பில் டி டிமினிஷ்ட். வேறொருவர் கொடுத்த கோப்பைத் திறந்தால் முதலில் இந்த அமைப்பைப் பாருங்கள். மியூஸ்ஸ்கோரில் ஃபார்மேட், ஸ்டைல், கார்டு சிம்பல்ஸ் என்று போனால் கிடைக்கும். மைனர் கார்டுகளைச் சிறிய எழுத்தில் காட்டும் தேர்வும் அங்கேதான் இருக்கிறது. அது வேண்டுமென்றே வைத்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 8: அரைச்சுரம் ஏற்றிப் பாருங்கள்

தாள் முடிந்ததும் ஒரு நகல் எடுத்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, அரைச்சுரம் ஏற்றுங்கள். மாறாமல் நிற்கும் பெயர்கள் எல்லாம் படி 2-இல் சொன்ன வெறும் எழுத்துகள்.

ஏன் அரைச்சுரம்? முழுச்சுரம் ஏற்றினால் படி 3-இன் தவறு ஒளிந்துகொள்ளும். ஏ♭5 என்று தவறாகப் பதிவானது பி♭5 ஆகும். சரியாகப் பதிவான ஏ (♭5), பி (♭5) ஆகும். அடைப்புக்குறி இல்லாத பாணியில் இரண்டும் ஒரே எழுத்துகள். அரைச்சுரம் ஏற்றினால் தவறானது ஃப்ளாட் மறைந்து ஏ5 ஆகும், அல்லது பி இரட்டை ஃப்ளாட் ஆகும். சரியானதில் ஐந்துக்கு முன் ஃப்ளாட் அப்படியே இருக்கும். பார்த்தவுடன் பிடிபடும்.

மியூஸ்ஸ்கோர் 3.5 முதல் கார்டு பெயர்களை ஒலிக்கவும் செய்யும். மைனரும் மேஜரும் மாறிய இடங்களைக் காது உடனே சொல்லிவிடும்.

எழுதிய சுரம் ஒன்று, ஒலிக்கும் சுரம் வேறு என்று சுருதி மாறும் வாத்தியங்களுக்குப் பார்ட் (ஒரு வாத்தியத்துக்கான தனித் தாள்) எடுப்பவர்கள் இன்னொன்றைச் சோதிக்க வேண்டும். பி♭ ட்ரம்பெட்டுக்கு, பியானோவின் சி 7, டி 7 ஆக எழுதப்பட வேண்டும். ஈ♭ ஆல்ட்டோ சாக்ஸுக்கு ஏ 7. எல்லா வாத்தியங்களையும் உண்மையில் ஒலிக்கும் சுரத்திலேயே காட்டும் கான்சர்ட் பிட்ச் பொத்தான் அணைந்திருக்கும்போது ட்ரம்பெட் வரிசையில் சி 7 என்று தட்டினால், மற்றவர்கள் பார்ட்டில் அது பி♭ 7 ஆகப் போய்ச் சேரும். கார்டு இடும் நேரம் முழுவதும் கான்சர்ட் பிட்ச்சை இயக்கியே வைத்திருங்கள்.

ஷார்ப்பா ஃப்ளாட்டா என்பதையும் முதலிலேயே சரியாக எழுதுங்கள். ஈ மேஜர் பாட்டில் சி♯ மைனருக்குப் பதில் டி♭ மைனர் என்று எழுதியிருந்தால், எஃப்♯ மேஜருக்கு ஏற்றும்போது டி♯ மைனர் வர வேண்டிய இடத்தில் ஈ♭ மைனர் வந்து நிற்கும். மென்பொருளின் குற்றமில்லை. நீங்கள் கொடுத்ததைத்தான் அது ஏற்றியது.

படி 9: வேறு மென்பொருளுக்கு அனுப்பும் முன்

பரிமாற்றத்துக்குப் பெரும்பாலும் மியூசிக்எக்ஸ்எம்எல்தான். அந்தக் கோப்பில் ஒரு கார்டு ரூட், வகை, கூடுதல் சுரங்கள், பேஸ் என்று தனித்தனியாகப் பதிவாகிறது. வகைக்கு ஒரு நிலையான பட்டியல் உண்டு: மேஜர், மைனர், டாமினன்ட், ஹாஃப் டிமினிஷ்ட், சஸ்பென்டட் ஃபோர்த் என்று நீளும். அந்தப் பட்டியலில் 'ஆல்ட்' இல்லை, 'ஆட் 9' இல்லை, 69 இல்லை. 69-ஐ மேஜர் சிக்ஸ்த் என்று பதிந்து 9-ஐச் சேர்க்க வேண்டும். வகையோடு கூடவே, திரையில் காட்டிய எழுத்தையும் தனியாகச் சேமிக்க இடம் இருக்கிறது. வாங்கும் மென்பொருள் வகையைப் பார்க்கிறதா, எழுத்தைப் பார்க்கிறதா என்பதைப் பொறுத்து விளைவு மாறும். ஒரே கோப்பு இரண்டு மென்பொருளில் இரண்டு விதமாகத் திறப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

2024 ஆகஸ்டில் ஃபினாலேவின் மேம்பாடு நிறுத்தப்படுவதாக அறிவிப்பு வந்தபின், பழைய கோப்புகளை வேறிடத்துக்குக் கொண்டுபோக வேண்டிய தேவை பலருக்கு வந்திருக்கிறது. பயனர் தானே வரைந்து சேர்த்த பின்னொட்டுகளே இதில் அதிகம் கவனிக்க வேண்டியவை. அவை எழுத்தாக மட்டும் போய்ப் பொருள் இழக்கலாம். கோப்பை மாற்றும் முன் அத்தகைய கார்டுகளைப் பட்டியலிட்டு வைத்துக்கொண்டு, மாற்றியபின் ஒவ்வொன்றையும் புதிய மென்பொருளில் மறுபடி தட்டிவிடுங்கள்.

ஒரு நீண்ட சுரத்தின் மேல் இரண்டு கார்டுகள் வரும் பார்களையும் பாருங்கள். இரண்டாவது கார்டு மூன்றாம் பீட்டில் இருக்க வேண்டியது, முதல் பீட்டுக்கே நகர்ந்து முதல் கார்டின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கலாம்.

தாளிலிருந்து கார்டு பெயரை நகலெடுத்து சாதாரண எழுத்துக் கோப்பில் ஒட்டும்போது ஃப்ளாட்டும் முக்கோணமும் வெற்றுக் கட்டங்களாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். இசை எழுத்துருக்களில் அந்தக் குறிகளுக்கு அந்த எழுத்துருக்களுக்கே உரிய தனி இடங்கள் உண்டு, மற்ற எழுத்துருக்களில் அந்த இடம் காலி. ஒட்டியபின் ஃப்ளாட்டுக்குச் சிறிய பி, ஷார்ப்புக்கு ஹாஷ் என்று கையால் மாற்றிவிடுங்கள். பாடல் வரிகளுக்கு இடையில் சதுர அடைப்புக்குள் கார்டு எழுதும் கார்ட்ப்ரோ கோப்புகளுக்கும் அதே எழுத்துகள் போதும்.